வெயிலை வரம் என்பவர்கள் மண்ணைத் தொட்டுப் பார்க்கட்டும்

எட்மண்டனில் இருக்கும் என் அக்கா மகனிடம் பூமி சூடாவதைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே பதில்தான் வரும். "மைனஸ் முப்பதுல ஒரு வாரம் வந்து இருந்து பாருங்க மாமா. அப்புறம் குளோபல் வார்மிங்கைத் திட்டுங்க." அவனைக் குறை சொல்ல மாட்டேன். பனிக்குள்ளிருந்து காரைத் தோண்டி எடுத்து வேலைக்குப் போகிறவன். ஆனால் இதே பேச்சைக் கோட்டு மாட்டிக்கொண்டு, திரையில் வரைபடம் காட்டிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களோடுதான் எனக்கு வழக்கு.

அவர்கள் வாதம் இப்படிப் போகும். வெப்பநாடுகள் வெந்து வதங்கும், உண்மைதான். ஆனால் கனடா, ரஷ்யா, ஸ்காண்டிநேவியா பக்கம் இது யோகம். அங்கே மரத்தின் காலைக் கட்டிப் போட்டிருப்பது குளிர். குளிர் விலகினால் வளரும் பருவம் நீளும். காற்றில் ஏறும் கார்பன் டை ஆக்சைடு உரமாகும். மழையும் கூடும். ஆக, வடகாடு கொழிக்கும். கொழித்த காடு நாம் விடும் புகையையும் உறிஞ்சிக்கொள்ளும். 2003இல் மாஸ்கோவில் நடந்த பருவநிலை மாநாட்டிலேயே புதின், இரண்டு மூன்று டிகிரி கூடினால் ரோமக்கோட்டுச் செலவு மிச்சம், தானியமும் கூட விளையும் என்ற பொருளில் பேசினார். அவர் பாதி வேடிக்கையாகச் சொன்னதை மற்றவர்கள் முழு வினையமாக இருபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இந்தக் கணக்கில் எல்லா வரியும் இருக்கிறது. மண்ணில் ஈரம் எவ்வளவு என்ற வரி மட்டும் இல்லை.

அவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. அந்த வாதத்துக்கு நல்ல பூர்வீகம் உண்டு. 1997இல் ரங்கா மைனேனியும் கூட்டாளிகளும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1981 முதல் 1991 வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளை வைத்து, வட அட்சங்களில் பசுமை கூடியிருக்கிறது, வசந்தம் முந்தி வருகிறது, வளரும் பருவம் நீண்டிருக்கிறது என்று காட்டினார்கள். அந்த அளவீட்டில் பழுது இல்லை. பழுது, அதைப் படித்தவர்கள் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டதில். எட்டு ஆண்டு கழித்து, 2005இல், இன்னொரு குழு வடகோளத்துக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவதை ஆராய்ந்து, வசந்தச் சூட்டில் செடிகொடிகள் கூடுதலாக உறிஞ்சிய கார்பனை வறண்ட கோடை திரும்பப் பறித்துவிடுகிறது என்று கண்டது. முதல் கட்டுரையைச் சொல்கிற மேடைகளில் இரண்டாவதை நான் கேட்டதில்லை.

மண்ணைத் தொட்டுப் பார்த்த சோதனை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடக்கே, க்ளோக்கே, ஈலி என்ற இரண்டு இடங்களில். வடகாட்டின் தெற்கு ஓரம் அது. ஸ்ப்ரூஸும் ஃபிர்ரும் முடிந்து மேப்பிளும் ஓக்கும் தொடங்குகிற எல்லை. பீட்டர் ரைக் என்ற சூழலியல் அறிஞர் தலைமையில் அங்கே காட்டுக்குள்ளும் வெட்டவெளியிலும் சிறு சிறு வட்டப் பாத்திகள் போட்டு மரக்கன்றுகளை நட்டார்கள். பாத்திக்கு மேலே அகச்சிவப்பு விளக்குகள் தொங்கின. மண்ணுக்குள் சூடேற்றும் கம்பிகளைப் புதைத்தார்கள். கூரை, கண்ணாடி, பிளாஸ்டிக் கூடாரம் எதுவும் கிடையாது. மழை விழலாம், காற்று வீசலாம், புழு பூச்சி வந்து தின்னலாம். பக்கத்துப் பாத்தியைச் சூடாக்காமல் விட்டுவிட்டு, அதைவிட இந்தப் பாத்தி எப்போதும் இத்தனை டிகிரி கூட இருக்க வேண்டும் என்று கணினி பார்த்துக்கொண்டது. அந்தப் பாத்தி 18 டிகிரி என்றால் இது 21 சொச்சம். மற்றபடி ஒரே மழை, ஒரே வெயில், ஒரே மண்.

ஆய்வாளர்கள் இலையைக் கருவிக்குள் வைத்து அது எவ்வளவு கார்பனை உள்ளே இழுக்கிறது என்று மூன்று ஆண்டுகள் அளந்தார்கள். பதினோரு இன மரங்கள். 3.4 டிகிரி கூடுதல் சூடு. 2018இல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. மண்ணில் நல்ல ஈரம் இருந்த நாட்களில் சூடு பட்ட கன்றுகள் கூடுதலாக ஒளிச்சேர்க்கை செய்தன. கோட்டு மாட்டியவர்கள் சொன்னது அதுவரை சரி. ஆனால் அப்படிப்பட்ட நாட்கள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான். மண் காய்ந்திருந்த மீதி இரண்டு பங்கு நாட்களில் அதே சூடு ஒளிச்சேர்க்கையைக் குறைத்தது. பதினோரு இனத்தில் ஒன்றுகூட மண் காய்ந்தபோது தாக்குப்பிடிக்கவில்லை. சூடு பட்டவை மற்றவற்றைவிட வேகமாகச் சரிந்தன.

இதில் கவனிக்க வேண்டியது, காய்ச்சல் என்று நான் சொல்வது பஞ்சத்தை இல்லை. நிலம் பிளந்து கிடக்கும் வறட்சியும் இல்லை. கோடையில் இரண்டு மழைக்கு நடுவே வழக்கமாக வந்துபோகிற காய்ச்சல்தான். உழவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்களே, அதில் வருகிற சாதாரணக் காய்ச்சல். அதிலேயே வரம் சாபமாகிவிட்டது.

ஏன் என்பதற்கு இலையைப் பார்த்தால் போதும். இலைக்கு வாசல் ஒன்றுதான். கார்பன் உள்ளே வரும் துளை வழியாகவே நீர் வெளியே போகிறது. கார்பன் வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் தண்ணீர் போகும். அடியில் ஈரம் இருக்கும்வரை மரம் கவலைப்படாது. குறைந்தால் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிடும். வெளியே எத்தனை மாதம் வளரும் பருவம் நீண்டால் என்ன, கடை சாத்தியிருக்கும்போது தெருவில் கூட்டம் இருந்தென்ன? சூடு பட்ட பாத்தியில் இன்னொரு வம்பு: அந்தச் சூடே மண்ணின் ஈரத்தையும் முந்திக் குடித்துவிடுகிறது. காய்ச்சல் சீக்கிரம் வருகிறது, ஆழமாக வருகிறது, நெடுநாள் நிற்கிறது.

2022இல் அதே இடங்களிலிருந்து அடுத்த முடிவு வந்தது. ஒன்பது இனக் கன்றுகள். 1.6 டிகிரி ஒரு பக்கம், 3.1 டிகிரி இன்னொரு பக்கம். சிலவற்றில் மழையையும் குறைத்துப் பார்த்தார்கள். ஒன்பது இனத்திலும் கன்றுகள் கூடுதலாகச் செத்தன. வடகாட்டின் சொந்தக் குடிகளான ஃபிர், ஸ்ப்ரூஸ், பைன் ஆகியவைதான் அதிகம் அடிபட்டன. 1.6 டிகிரி என்பது தொலைதூர எதிர்காலம் இல்லை என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கனடாவின் சராசரி வெப்பம் 1948க்கும் 2016க்கும் இடையிலேயே 1.7 டிகிரி ஏறிவிட்டது, உலகச் சராசரியைப் போல இரு மடங்கு வேகத்தில்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு எழுந்து, "சூடான உலகத்தில் மழை கூடும் ஐயா, நீங்கள் சொல்லும் ஈரம் வானத்திலிருந்து வந்துவிடும்" என்று சொல்லும். அவர்களுடைய வலுவான வாதங்களில் இது ஒன்று. மேலோட்டமாகப் பார்த்தால் மறுக்கவே முடியாதது போலத் தோன்றும். வடக்கே மழையும் பனியும் கூடும் என்றுதான் பெரும்பாலான கணிப்புகள் சொல்கின்றன. அதனால் இதை நிதானமாகவே பிரித்துப் பார்க்கிறேன்.

துணி காயப்போட்ட யாருக்கும் தெரியும்: கார்த்திகையில் கொடியில் போட்ட வேட்டி மாலைவரை சவசவ என்று கிடக்கும், சித்திரையில் வாளியை உள்ளே வைத்துவிட்டு வருவதற்குள் ஓரம் காய்ந்துவிடும். வேட்டியில் ஏறிய தண்ணீர் இரண்டு நாளும் ஒன்றுதான். காற்றின் தாகம் வேறு. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 23 டிகிரியில் ஏறக்குறைய 20.5 கிராம். காற்றில் உண்மையாக இருப்பது 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முதல் காற்றுக்குத் தாகம் 7 கிராம். மூன்றே டிகிரி ஏறியதும் தாகம் 10.5. ஒன்றரை மடங்கு. சரி, சூடு ஏறும்போது காற்றில் நீராவியும் ஏறுமே என்பார்கள். ஏறட்டும். சூட்டுக்குச் சரிசமமாக அது 12 கிராமாக ஏறினாலும் தாகம் 8.5 ஆகவே நிற்கும், பழைய 7க்குத் திரும்பாது. அந்தச் சமமும்கூட நிலத்தின் மேல் கிடைப்பதில்லை. கடல் மெதுவாகச் சூடாகிறது, நிலம் வேகமாகச் சூடாகிறது. கடலிலிருந்து வரும் நீராவி நிலத்தின் சூட்டுக்கு எட்டிப் பிடிக்க முடியாமல் பின்தங்குகிறது. இந்த நூற்றாண்டு பிறந்ததிலிருந்து நிலப்பரப்புக் காற்றின் ஒப்பு ஈரப்பதம் இறங்கியிருக்கிறது.

அப்படியானால் இந்தத் தாகத்தைத் தணிக்க மழை எவ்வளவு கூட வேண்டும்? கனடாவின் காட்டுத்தீ ஆய்வாளர் மைக் ஃபிளானிகனும் மற்றவர்களும் 2016இல் இந்தக் கணக்கைப் போட்டார்கள். ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும், தரையின் மேல் சருகு பழைய ஈரத்தோடு இருக்க மழை 15 சதவீதத்துக்கு மேல் கூட வேண்டும். அதற்குக் கீழே உள்ள மட்குக்கு 10 சதவீதம். ஆழத்தில் கெட்டித்துக் கிடக்கும் அடுக்குக்கு 5 சதவீதம். உலகச் சராசரி மழையோ டிகிரிக்கு இரண்டு மூன்று சதவீதம்தான் கூடும் என்பது கணிப்பு. வடக்கே அதைவிடக் கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூடுதலில் பெரும்பங்கு குளிர்காலத்தில் விழுகிறது. மரம் தண்ணீர் கேட்பது ஜூலையில்.

குளிர்காலப் பனி மண்ணுக்கு வைப்புநிதிதானே, உருகும்போது இறங்கட்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முன்பு அப்படித்தான் நடந்தது. மெல்ல மெல்ல மே மாதம்வரை உருகி இறங்கிய தண்ணீரை வைத்து மரம் கோடையைத் தொடங்கியது. இப்போது பனி முந்தி உருகுகிறது. தரை இன்னும் உறைந்திருந்தால் பாதி ஓடையில் போகிறது. மீதிக்கு மரமே எமன். வசந்தம் முந்தி வந்ததால் இலையும் முந்தி வருகிறது, இலை வந்த அன்றே செலவு தொடங்கிவிடுகிறது. 2020இல் வந்த ஆய்வு ஒன்று இதை வடகோளம் முழுவதற்கும் காட்டியது: இலை முந்தித் துளிர்க்கும் ஆண்டுகளில் கோடை மண் கூடுதலாகக் காய்கிறது. நீண்ட வளரும் பருவம் என்று மேடையில் கைதட்டு வாங்குகிற அதே விஷயம்தான் கோடையின் ஈரத்தைக் கடனாக வாங்கி வசந்தத்தில் செலவழிக்கிறது.

மழையை மில்லிமீட்டரில் எண்ணிவிட்டு மண் நனைந்துவிட்டது என்று நினைப்பவர்கள் வடகாட்டுக்குள் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். தூறல் முதலில் ஊசியிலையில் தங்கும். அங்கிருந்து சொட்டினால் பாசிமெத்தை குடிக்கும். அதற்குக் கீழே சருகு, அதற்குக் கீழே மட்கு. வேருக்கு ஏதாவது மிஞ்சினால் பெரிது. நான்கு நாள் தூறலும் ஒரு நாள் கொட்டும் மழையும் மழைமானியில் ஒரே எண்ணாக இருக்கலாம். மண்ணுக்கு ஒன்று இல்லை.

மேற்குக் கனடாவில் காடு எங்கே முடிந்து புல்வெளி தொடங்குகிறது என்று வரைபடத்தில் ஒரு கோடு உண்டு. டெட் ஹாக் என்ற காட்டியல் அறிஞர் அந்தக் கோட்டைப் பருவநிலைக் கணக்கோடு பொருத்திப் பார்த்தார். ஆண்டு மழையும், காற்று குடிக்கக்கூடிய நீரும் சமமாகும் இடத்தில்தான் காடு நிற்கிறது. அதற்குத் தெற்கே செலவு அதிகம், புல்தான் தாங்கும். வடக்கு எல்லையைப் போட்டது குளிர். தெற்கு எல்லையைப் போட்டது தண்ணீர். குளிர் விலகினால் காடு செழிக்கும் என்கிறவர்கள் வடக்குக் கோட்டை மட்டும் பார்க்கிறார்கள். சூடு ஏறினால் இரண்டு கோடும் நகரும். 2001, 2002 ஆண்டுகளில் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் மாகாணங்களில் வறட்சி வந்தபோது தெற்குக் கோட்டை ஒட்டிய ஆஸ்பென் தோப்புகள் கூட்டம் கூட்டமாகக் காய்ந்து நின்றன. அது திடீர் விபத்து என்று ஒதுக்கவும் வழியில்லை. 1963 முதல் 2008 வரை நெடுநாள் அளக்கப்பட்ட கனடியக் காட்டுத் துண்டுகளில் மரச்சாவு விகிதம் ஆண்டுக்கு 4.7 சதவீதம் வீதம் ஏறிக்கொண்டே வந்தது என்று 2011இல் கணக்கு வெளியானது. மேற்கே இன்னும் மோசம். காரணமாக அவர்கள் காட்டியது நீர்ப்பற்றாக்குறையை.

அலாஸ்காவின் கதை இதைவிடப் பழையது. ஃபேர்பேங்க்ஸ் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 280 மில்லிமீட்டர்தான் மழையும் பனியும் சேர்ந்து. குளிராக இருந்ததால் அது போதுமானதாக இருந்தது. அங்குள்ள வெள்ளை ஸ்ப்ரூஸ் மரங்களின் வளையங்களைப் படித்து 2000ஆம் ஆண்டில் ஒரு குழு எழுதியது: இருபதாம் நூற்றாண்டில் கோடை எப்போதெல்லாம் சூடாக இருந்ததோ அப்போதெல்லாம் வளையம் ஒடுங்கியிருக்கிறது. மரம் தன் உடம்பிலேயே எழுதி வைத்த நாட்குறிப்பு. குளிர்தான் தளை என்றால் சூடான ஆண்டில் வளையம் அகலமாகியிருக்க வேண்டாமா?

கார்பன் உர வாதத்துக்கு வருகிறேன். சுருக்கமாகவே. காற்றில் கார்பன் கூடினால் இலை வாசலைப் பாதி திறந்தே வேலையை முடித்துக்கொள்ளலாம், தண்ணீர் மிச்சம் என்பது உண்மை. வடகோளக் காடுகளில் கோபுரம் கட்டி அளந்தவர்கள் 2013இல் அதைக் காட்டினார்கள்; மரங்கள் சொட்டுக்குக் கூடுதல் கார்பன் எடுக்கின்றன. அந்தச் சேமிப்பு வளர்ச்சியாகத் தெரிகிறதா? 2016இல் கனடா முழுவதும் எடுத்த மர வளையங்களை வைத்து மார்ட்டின் ஜிரார்டானும் குழுவும் பார்த்தார்கள். அரை நூற்றாண்டுச் சூடு, அரை நூற்றாண்டுக் கார்பன் உரம், இரண்டும் சேர்ந்து நாடு தழுவிய வளர்ச்சி எதையும் தரவில்லை. சில இடம் ஏறியது, சில இடம் இறங்கியது, கூட்டிப் பார்த்தால் வெறுங்கை. மிச்சம் பிடித்ததைக் காற்றின் தாகம் எடுத்துக்கொண்டது என்றுதான் நான் படிக்கிறேன்.

இனி சைபீரியா. இங்கேதான் எதிர்த்தரப்புக்குக் கடைசித் துருப்பு இருக்கிறது: அடியில் பனிக்கட்டி. கிழக்குச் சைபீரியாவில் சில அடிக்குக் கீழே மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. சூடானால் அது உருகும், உருகினால் தண்ணீர், பிறகென்ன பஞ்சம்?

யாகுட்ஸ்க் நகரில் ஆண்டு மழை சுமார் 240 மில்லிமீட்டர். வேறெந்த ஊராக இருந்தாலும் அந்த மழைக்குப் புல்லும் முள்ளும்தான் நிற்கும். அங்கே லார்ச் காடு நிற்கிறது. அதன் ரகசியம் அந்த உறைமண். பானையின் அடிபோல அது கீழே தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. லார்ச்சின் வேரோ ஆழம் போகாமல் மேலடுக்கிலேயே படர்ந்திருக்கும். யாகுட்ஸ்க் அருகே ஸ்பாஸ்கயா பாத் என்ற ஆய்வுநிலையத்தில் ஜப்பானியரும் ரஷ்யரும் சேர்ந்து, மரத்துக்குள் ஏறும் நீரின் ஆக்சிஜனைச் சோதித்து அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தார்கள். நல்ல மழைக்காலத்தில் மரம் மழைநீரைக் குடித்தது. வறண்ட கோடையில் அடியில் உருகிய பனிநீரைக் குடித்தது. அதாவது உறைமண் அந்தக் காட்டின் அவசரக் கையிருப்பு. பானைக்கு அடி இருக்கும்வரைதான் கையிருப்பு. சூடு ஏறஏற அந்த அடி இறங்குகிறது. தண்ணீர் அதோடு இறங்கி, மேலடுக்கு வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போகிறது. வற்றாத ஊற்று என்று அவர்கள் நினைப்பது, ஒருமுறை உடைத்தால் திரும்பப் போட முடியாத வைப்புநிதி.

இதில் ஒரு முரண் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 2005 முதல் 2008 வரை மத்திய யாகுட்டியாவில் தொடர்ந்து மழை மிகுந்தது. எதிர்த்தரப்பின் கணக்குப்படி லார்ச்சுக்கு அது கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டும். உறைமண்ணுக்கு மேலே தண்ணீர் வடியாமல் தேங்கி, வேர் மூச்சுத்திணறி மரங்கள் செத்தன. அப்படியானால் ஈரம் கூடினாலும் சாவு, குறைந்தாலும் சாவு என்கிறாயா என்று என்னை மடக்கலாம். ஆமாம், அதைத்தான் சொல்கிறேன். அந்தக் காடு குறிப்பிட்ட ஒரு சூட்டுக்கும் குறிப்பிட்ட ஓர் ஈரத்துக்கும் இடையே நூற்றாண்டுகளாகக் கட்டிய குடித்தனம். 2020 ஜூன் 20 அன்று வெர்கோயான்ஸ்க் ஊரில் 38 டிகிரி. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே பதிவான உச்சம் என்று உலக வானிலை அமைப்பே ஏற்றது. அடுத்த ஆண்டு யாகுட்டியாவில் 80 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. புகை வடதுருவம்வரை போனது. ரோமக்கோட்டில் மிச்சமான பணத்தை இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது?

விட்டுக்கொடுக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. கிழக்கே, கியூபெக் மாகாணம். 2016இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, ஏறத்தாழ 49ஆம் அட்சத்துக்கு வடக்கே உள்ள அந்தக் காடுகள் சூட்டால் ஆதாயம் பெறலாம் என்று காட்டியது. கறுப்பு ஸ்ப்ரூஸுக்கு அது புகலிடம் ஆகலாம் என்றும் சொன்னது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் அங்கே மட்டும் என்று கேளுங்கள். அங்கே மழை தாராளம். மேற்கைப் போலத் தண்ணீர்க் கணக்கு விளிம்பில் நிற்கவில்லை. எதிர்த்தரப்பு தன் சாட்சியாகக் கூண்டில் ஏற்றும் கியூபெக் என் பக்கம்தான் பேசுகிறது.

கடைசியாக, காட்டின் தரை. கறுப்பு ஸ்ப்ரூஸ் காட்டில் நடப்பது மெத்தைமேல் நடப்பதுபோல் இருக்கும். பாசியைக் கையால் விலக்கினால் மேலே பச்சை, அதற்குக் கீழே பழுப்பு, இன்னும் கீழே நாரும் கறுப்புமாக மட்கு. ஒரு சாணுக்கு மேலேயே இருக்கும் அது, மரத்தைவிட அதிகக் கார்பனை அடைத்து வைத்திருக்கிறது. நல்ல ஈரக்காலத்தில் பிடித்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். காய்ந்த கோடையில் மேற்பாசி அப்பளம்போல் நொறுங்கும். அப்போது கீழே கையை விட்டால் அங்கும் உதிரி உதிரியாக வரும். அந்த நிலையில் விழும் ஒரு மின்னல் மேலே எரிவதோடு நிற்காமல் கீழே இறங்கும்.

இந்த அடுக்குகளின் ஈரத்தைக் கணக்கிடக் கனடியர்களிடம் 1970 முதல் ஒரு முறை இருக்கிறது. காட்டுத்தீத் துறையினர் தினமும் நண்பகலில் வெப்பம், ஈரப்பதம், காற்று, முந்தின 24 மணி நேர மழை நான்கையும் குறித்து, மூன்று அடுக்குக்கும் மூன்று எண் எழுதுவார்கள். மேற்சருகு ஒரு நாளுக்குள் காயும். நடு மட்குக்குப் பன்னிரண்டு நாள். ஆழ அடுக்குக்கு ஐம்பத்திரண்டு நாள். அதில் ஒரு விதி எனக்கு மிகப் பிடிக்கும்: ஒரு நாளில் 2.8 மில்லிமீட்டர்வரை பெய்த மழையை ஆழ அடுக்கின் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள். பெய்யாததுபோல்தான். மழை கூடும், மண் நனையும் என்று பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு விதியை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லலாம்.

2023இல் அந்த எண்கள் மே மாதத்திலேயே மிரட்டின. அந்த ஆண்டு கனடாவில் எரிந்தது சுமார் 1.5 கோடி ஹெக்டேர், வழக்கமான ஆண்டைப்போல ஆறு மடங்குக்கு மேல். யெல்லோநைஃப் நகரின் 20,000 பேரும் ஆகஸ்டில் ஊரைக் காலி செய்தார்கள். ஜூனில் டொரண்டோவின் வானம் மங்கியது. ஸ்கார்பரோவில் இருக்கும் நம்மவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். அக்கா மகன் வீட்டிலும் அந்தக் கோடை முழுக்க ஜன்னல் திறக்கவில்லை. "குளிர்ல அடைஞ்சு கிடந்தது போதாதுன்னு வெயில்லயும் அடைஞ்சு கிடக்கோம் மாமா" என்றான்.

பனி விழுந்தால் அணையும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பனி விழுந்தது, மேலே அணைந்தது. 2024 ஜனவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஆல்பர்ட்டாவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட தீக்கள், பனிக்குக் கீழே, மட்குக்குள் கனன்றுகொண்டிருந்தன. வெளியே மைனஸ் முப்பது.

பனி கரைந்ததும் ஆழ அடுக்கின் எண்ணை 15 என்று எழுதிக் கணக்கைப் புதிதாகத் தொடங்குவது வழக்கம். 15 என்றால் குளிர்காலம் மண்ணை முழுக்க நனைத்துவிட்டது என்று அர்த்தம். மேற்குக் கனடாவில் இப்போது அப்படி எழுதுவதற்குமுன், போன இலையுதிர்காலத்தில் எந்த எண்ணில் நிறுத்தினோம் என்று பழைய நோட்டைப் புரட்டி, குளிர்காலத்தில் எவ்வளவு பனி விழுந்தது என்று கேட்கிறார்கள். போதவில்லை என்றால் பழைய பற்றை அப்படியே முன்னுக்குக் கொண்டுவந்து, அதிலிருந்துதான் புது ஆண்டின் முதல் வரியை எழுதுகிறார்கள்.